ஓநாய் மூன்று, குஞ்சு மூன்று!

மூன்று ஓநாய்கள், மூன்று கோழிக்குஞ்சுகள். எல்லாம் அக்கரை சேரவேண்டும். தெப்பத்திலே இரண்டுக்குத்தான் இடம். எந்தக் கரையிலாவது குஞ்சுகளைவிட ஓநாய்கள் அதிகமானால், குஞ்சுகள் தொலைந்தன!

நம் புலி, ஆடு, புல்லுக்கட்டுப் புதிர் போல இருக்கிறதல்லவா? இது 2007-ல் ஜப்பானில் வெளிவந்த முதல் "லேட்டன்" வீடியோ விளையாட்டில் வருகிறது. பேராசிரியர் லேட்டனும் சிறுவன் லூக்கும் ஒரு விசித்திர கிராமத்துக்குப் போகிறார்கள். எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் புதிர் போடுகிறார்கள்! புதிர்களை மேற்பார்வையிட்டவர், மனோதத்துவப் பேராசிரியர் அகிரா டாகோ.

இங்கே விரல் வேகம் உதவாது. குருட்டாம்போக்கில் பதில் சொன்னால் மதிப்பெண் குறையும். ஆகவே குழந்தை நிதானித்து யோசிக்கிறது. தன் தவறைத் தானே திருத்துகிறது.

பெற்றோர்களே! விடையைச் சொல்லிவிடாதீர்கள். "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். அதை விளக்கும்போதுதான் யோசனை பழக்கமாகும்!