கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்வதற்கு முன்

கோவை கணபதியில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் எடுக்கிறேன். வருகிறவை பெரும்பாலும் விலை உயர்ந்த ஜெர்மன் செடான்கள். அவற்றிலும் முக்கால்வாசி செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள், பொள்ளாச்சித் தோப்புக்காரர்கள், ஈரோட்டு மண்டிக்காரர்கள், ஊட்டிப் பக்கத்து டாக்டர்கள் என்று எல்லாரும் உண்டு. யாராக இருந்தாலும் வண்டியை விட்டு இறங்கியதும் சொல்வது ஒன்றுதான்: "கியர்பாக்ஸ் போயிருச்சுன்னு சொல்லிட்டாங்ணா."

சொன்னது ஷோரூமாக இருக்கும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரோ டிரைவரோ சொல்லியிருப்பார். பல நேரம் அது உண்மையில்லை. வண்டி இடிக்கிறது, இழுக்க மறுக்கிறது, திணறுகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் நோவு தெரிகிற இடம் கியர்பாக்ஸ். நோவின் காரணம் வேறெங்கோ இருக்கும்.

சென்னைக்கு அருகே பி.எம்.டபிள்யூ, புனேயில் பென்ஸ், அவுரங்காபாத்தில் ஆடி என்று மூன்று கம்பெனிகளும் இங்கேயே கார்களைப் பூட்டி விற்க ஆரம்பித்த பிறகு இந்த வகை வண்டிகள் நம் ரோட்டில் பெருகிவிட்டன. அப்போது வாங்கியவர்கள் விற்றுவிட்டார்கள். 60 லட்சத்துக்கு வாங்கிய கார் பத்து வருடம் கழித்து 10, 12 லட்சத்துக்குக் கிடைக்கிறது. புது ஹேட்ச்பேக் விலைதான். ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு சென்சாரின் விலை மட்டும் இன்றைக்கும் 60 லட்சத்து வண்டியின் சென்சார் விலைதான். இது புரியாமல் வாங்கியவர்கள்தான் என்னிடம் வருகிறவர்களில் அதிகம்.

திருப்பூர்க்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். மூன்று லிட்டர் டீசல், எட்டு கியர் வண்டி. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது முதுகில் ஒரு குத்து. மேம்பாலம் ஏறும்போது பழைய பிக்கப் இல்லை. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் மெக்கட்ரானிக்ஸ் மாற்ற வேண்டும், 4 லட்சத்துக்கு மேல் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மெக்கட்ரானிக்ஸ் என்றால் கியர்பாக்ஸுக்குள்ளேயே ஆயிலில் மூழ்கி உட்கார்ந்திருக்கும் வால்வுகளும் கம்ப்யூட்டரும் சேர்ந்த ஒரு பெட்டி.

இங்கே கொஞ்சம் நின்று, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். இது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் பல் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டேதான் இருக்கும். மேனுவல் வண்டியில் போல லீவரைத் தள்ளிக் கியரைப் பூட்டுவதில்லை. எந்தச் சக்கரம் சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை கிளட்ச் அடுக்குகள்தான் தீர்மானிக்கின்றன. 2009-ல் பெரிய செடான்களில் வந்து, பிறகு எங்கும் பரவிய இசட்எஃப் கம்பெனியின் எட்டு கியர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பல் சக்கரக் கூட்டம், ஐந்து கிளட்ச் அடுக்கு, அவ்வளவுதான். எந்தக் கியரிலும் ஐந்தில் மூன்று பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும். கியர் மாறுவது என்றால் ஒன்று விடும்போதே இன்னொன்று பிடிப்பது. பிடிக்க வைப்பது ஆயில் பிரஷர்.

எவ்வளவு பிரஷர் கொடுக்க வேண்டும்? அதைக் கியர்பாக்ஸ் தனியாக முடிவு செய்ய முடியாது. எஞ்சினின் கம்ப்யூட்டர் "நான் இப்போது இவ்வளவு டார்க் தருகிறேன்" என்று வயர் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை நம்பித்தான் கியர்பாக்ஸ் கிளட்சை அழுத்துகிறது. எஞ்சின் கூட்டிச் சொன்னால் கிளட்ச் வேண்டியதைவிட முரட்டுத்தனமாகப் பிடிக்கும், வண்டி இடிக்கும். குறைத்துச் சொன்னால் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும், ஆர்.பி.எம். மட்டும் எகிறும்.

திருப்பூர் வண்டியில் நடந்தது முதலாவது. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது அளந்த காற்று ஒன்று, சிலிண்டருக்குள் போன காற்று வேறு. அளந்த காற்றுக்குத் தக்கபடி டீசல் போகிறது. பாதி எரியாமல் கரும்புகையாக வெளியேறுகிறது. சக்தி வரவில்லை, ஆனால் கணக்கில் மட்டும் வந்ததாக எழுதியாகிறது. கியர்பாக்ஸ் பாவம், அந்தக் கணக்கை நம்பி ஓங்கிப் பிடிக்கிறது. ஹோஸை மாற்றி, கியர்பாக்ஸ் பழகி வைத்திருந்த கணக்கை ஸ்கேனரில் அழித்து, மறுபடி பழக ஓட்டிப் பார்த்தோம். குத்து போய்விட்டது. "அப்போ அந்த 4 லட்சம் எதுக்குங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கோளாறு எண் வந்ததும் அந்த எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும் பாகத்தை மாற்றிவிடுவது இப்போது பெரிய வழக்கமாகிவிட்டது. அப்படி மாற்றினால் வேலை சுத்தம், பொறுப்பும் குறைவு. யார் கிழிந்த ஹோஸைத் தேடி வண்டிக்கு அடியில் படுப்பார்கள்?

அடுத்தது பொள்ளாச்சிக்காரர். அவர் குறை வேறு மாதிரி. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக வைத்துப் போகும்போது, ரோட்டில் வரிவரியாகப் போட்டிருக்கும் தடிமனான வெள்ளைக் கோடுகள் மேல் ஓடுவது போல ஒரு அதிர்வு. இரண்டு வினாடி வரும், போகும். டயர் மாற்றினார், வீல் பேலன்சிங் பார்த்தார், எஞ்சின் மவுண்ட்டும் மாற்றினார். சரியாகவில்லை.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு. எஞ்சின் ஆயிலைச் சுழற்ற, அந்த ஆயில் எதிரே உள்ள சக்கரத்தைச் சுழற்றும். நேரடிப் பிடிப்பு கிடையாது; அதனால்தான் சிக்னலில் வண்டி கியரில் நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை. ஆனால் ஆயில் வழியாகத் தள்ளினால் சக்தி வீணாகிறது, சூடு ஏறுகிறது. ஆகவே வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு சின்ன கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். ஆயில் பழசாகி அதன் குணம் கெட்டால் அந்தப் பூட்டு வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். அந்த அதிர்வுதான் அவர் சொன்னது.

ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "மாத்தவே வேண்டாம், வண்டி ஆயுசுக்கும் அதே ஆயில்தான்னு சொன்னாங்க" என்றார். இதைச் சொல்லாத ஓனர் எனக்கு அபூர்வம். கார் கம்பெனிகள் பல கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுவதற்கும் போட்டது என்றுதான் விற்றன. ஆனால் அந்தப் பெட்டியைச் செய்த இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் நான் முதல் எண்ணைத்தான் கணக்கில் வைப்பேன். ஆயுள் ஆயில் என்றால் புது வண்டி வாங்குகிறவருக்குச் சர்வீஸ் செலவு குறைவாகத் தெரியும். அவர் ஐந்து வருடத்தில் விற்றுவிடுவார். பழைய ஆயிலோடு மாட்டிக்கொள்வது அடுத்தவர்.

ஆயில் மாற்றுவதும் விளையாட்டு வேலை இல்லை. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. வண்டியை மட்டமாகத் தூக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே நிரப்ப வேண்டும். மேலே சொன்ன எட்டு கியர் வகையில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது பக்கத்துத் துளையில் ஆயில் மெல்ல வழிந்தால் அதுதான் சரியான அளவு. சூடு கூடினால் ஆயில் விரியும். அப்போது அளந்தால் உள்ளே குறைவாகத்தான் இருக்கும். அரை லிட்டர் குறைந்தாலே ஏற்றத்தில் வழுக்க ஆரம்பிக்கும். இந்த வகையில் ஆயில் பான் பிளாஸ்டிக்; ஃபில்டர் அதற்குள்ளேயே இருக்கிறது, இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எந்த ஆயில் என்பதிலும் கம்பெனி சொன்ன வகை தவிர வேறு எதையும் ஊற்றவிடாதீர்கள். சிவப்பாக இருக்கிறது என்பதற்காக எல்லாம் ஒரே ஆயில் ஆகிவிடாது.

பொள்ளாச்சி வண்டிக்கு ஆயில் மாற்றியதிலேயே அதிர்வு அடங்கிவிட்டது. எல்லா வண்டிக்கும் அப்படி அடங்கும் என்று சொல்ல மாட்டேன். நாள்பட வழுக்கியிருந்தால் உள்ளே இருக்கும் பூட்டு கிளட்சே தேய்ந்திருக்கும். அப்புறம் டார்க் கன்வெர்ட்டரைக் கழற்றியே ஆக வேண்டும்.

பேட்டரியையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. அவிநாசியில் ஒரு பெரியவர், பிள்ளைகள் வெளிநாட்டில். கல்யாணம், கோயில் விசேஷம் என்றால்தான் காரை வெளியே எடுப்பார். எடுத்தால் டாஷ்போர்டில் கியர்பாக்ஸ் கோளாறு என்று எழுத்து வரும், வண்டி ஒரே கியரில் ஊர்ந்து போகும். பேட்டரி பலமிழந்து ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் விழுந்தால், வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவது அறுந்துவிடும். உடனே கியர்பாக்ஸ் தற்காப்புக்காக ஒரே கியரில் ஓடும் லிம்ப் மோடுக்குப் போகும். பேட்டரியை மாற்றி, நிறுத்தி வைக்கும் நாட்களில் சார்ஜரில் போடச் சொன்னேன்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் இன்னொரு தொல்லை. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் சைலன்சர் குழாயில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து கிளப் என்று மூன்று கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு சக்தியைக் குறைத்துவிடும். அதையும் கியர்பாக்ஸ் கணக்கில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையிலேயே கியர்பாக்ஸ் போன வண்டிகளும் வரத்தான் செய்கின்றன. அவற்றில் மோசமானது, உள்ளே தண்ணீர் போனது. கியர்பாக்ஸுக்கு மேலே மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையிலிருந்து பளபளவென்று துடைத்த வண்டிகள் மலிவாக இந்தப் பக்கம் வந்தன. சில வண்டிகளில் வெள்ளமே வேண்டாம். ரேடியேட்டரோடு சேர்ந்த ஆயில் கூலர் உள்ளுக்குள் ஓட்டையானால் கூலன்ட் கியர்பாக்ஸில் கலந்துவிடும். கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் மேல்படலம் காகித வகை. தண்ணீரோ கூலன்டோ பட்டால் பசை விட்டு உரிந்துவிடும். ஆயில் பானைத் திறந்தால் ஸ்ட்ராபெரி பால் நிறத்தில் கொட்டும். அதைப் பார்த்தால் நானும் சொல்லிவிடுவேன், போயிருச்சுங்க என்று.

உலர் கிளட்ச் இரண்டு வைத்த கியர்பாக்ஸ்கள் தனி இனம். டார்க் கன்வெர்ட்டர் இல்லை, கிளட்சைக் குளிர்விக்க ஆயிலும் இல்லை. ஊர்ந்து நகரும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்துப் பாதி விட்டே வாழ்கிறது. இது ஓனர்கள் கிளப்பிய புரளி இல்லை: 2013-ல் சீனாவில் ஃபோக்ஸ்வேகன் டி.எஸ்.ஜி. என்ற தன் இரட்டைக் கிளட்ச் பெட்டி வைத்த வண்டிகள் 3,84,181-ஐத் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே அங்கே அந்தப் பெட்டிகளுக்கு வாரன்ட்டியைப் பத்து ஆண்டாக நீட்டியிருந்தது. நகரத்துக்குள் மட்டும் ஓட்டப்போகிறவர்கள் இந்த வகை பழைய வண்டியை வாங்க வேண்டாம் என்பேன்.

ஓட்டுகிற பழக்கமும் ஒரு காரணம். கோத்தகிரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். காலையில் பி-யிலிருந்து எடுக்கும்போது 'டங்' என்று சத்தம், கியர் லீவரும் இறுக்கம். வீடு சரிவில் இருக்கிறது. வண்டியை நிறுத்தி நேராக பி போட்டுவிட்டு பிரேக்கை விடுகிறார். இரண்டு டன் எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் விரல் அளவு கொக்கியில் தொங்குகிறது. காலால் பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, வண்டி அதில் நின்ற பிறகு பி போடச் சொன்னேன். செலவு எதுவும் இல்லை. "இவ்வளவுதானா தம்பி?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம் பிடிக்கும் டிரைவர்களும் உண்டு. இறக்கத்தில் கியரில் இருந்தால் எஞ்சின் டீசலே குடிக்காது, நியூட்ரலில்தான் குடிக்கும். பிரேக்கும் தீய்ந்துபோகும். வழியில் நின்றுவிட்ட ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருவது இன்னும் மோசம். எஞ்சின் ஓடாவிட்டால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் ஓடாது. சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே எல்லாம் வறண்டு உரசும். பிளாட்பெட் லாரி வர இரண்டு மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் விடிகாலையில் போய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்கிறவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டி, ஆர் மாற்றிப் பாருங்கள்; போட்டதும் பிடிக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் சூடேற ஓட்டி, அதையே திரும்பச் செய்யுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

வண்டி உங்கள் கையில் இருக்கும்போது யாராவது கியர்பாக்ஸ் போய்விட்டது என்றால், கழற்றச் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆயில் அளவைச் சரியான சூட்டில் பார்த்தீர்களா? பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு? எஞ்சின் பக்கம் என்னென்ன கோளாறு எண்கள் பதிவாகியிருக்கின்றன? பதிலை ஸ்கேனர் பிரின்ட்டோடு எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் வண்டியை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.