‘சத்தம் கேக்குது... ஆனா என்ன சொல்றீங்கன்னு புரியல!’ - ஏன் இப்படி?

கஸ்டமர் கேரில் இமெயில் முகவரி சொல்லும்போது, ‘எஸ் ஃபார் சுகர், எஃப் ஃபார் ஃபாதர்’ என்று விளக்குகிறோம். நேரில் பேசும்போது இது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. காரணம், நம் பேச்சின் ஒலி ஆற்றல் எல்லா அதிர்வெண்களிலும் சமமாக இல்லை.

தொண்டையில் கை வைத்து ‘ஆ’ என்று சொல்லுங்கள். அதிர்வு தெரிகிறதா? குரல்நாண்கள் ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 முறை, பெண்களுக்குச் சுமார் 200 முறை அதிரும். இந்த எண்ணிக்கைதான் ஹெர்ட்ஸ். இப்போது ‘ஸ்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். அதிர்வே இருக்காது. பல்லிடுக்கில் காற்று உரசும் மெல்லிய ஒலி அது. அதன் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்.

செவித்திறன் துறையில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. பேச்சின் ஆற்றலில் சுமார் 60 சதவீதம் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஆனால், வார்த்தை புரிவதில் அதன் பங்கு 5 சதவீதம்தான். 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அப்படியே தலைகீழ்: ஆற்றல் 5, புரிதல் 60. சுருக்கமாக, சத்தம் கீழே, அர்த்தம் மேலே.

சாதாரண போன் அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தும். ‘எஸ்’, ‘எஃப்’ வித்தியாசம் அதில் அடிபட்டுப்போகிறது. ‘எச்டி வாய்ஸ்’ சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை போவதால்தான் தெளிவாக இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்கள் விஷயமும் இதேதான். வயதாகும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். அதனால் குரல் காதில் விழும், வார்த்தை பிடிபடாது. ‘எத்தனை தடவை சொல்றது’ என்று நாம் கத்தினால், ஏற்கெனவே கேட்கும் உயிரெழுத்துகள்தான் இன்னும் பெரிதாகின்றன. மெய்யெழுத்துகள் அந்த அளவுக்கு உயர்வதில்லை.

என்ன செய்யலாம்? டிவியை நிறுத்துங்கள். முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள், உதட்டசைவும் கைகொடுக்கும். ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எங்கே குறைகிறது என்று அது காட்டிவிடும். அந்த இடத்தை மட்டும் கூட்டித் தரும்படி காது கேட்கும் கருவியை அமைக்க முடியும்.

அப்பா காதில் வாங்காமல் இருக்கிறார் என்று கோபப்படும் முன், அவருக்கு எந்த எழுத்து விழவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.