பூஜ்யத்துக்கு மரியாதை!

"நான் எந்தத் தேதியில லேட்டா வந்தேன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க தம்பி..."

சம்பள நாள் சாயங்காலம். சம்பளச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றார் எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் அண்ணன். மழையோ, பந்த்தோ, மற்றவர்கள் வருவதற்கு அரை மணி முன்னாலேயே கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கிற மனுஷர். அவர் லேட்டாக வந்தால் நாங்கள் அத்தனை பேரும் தெருவில்தான் நிற்க வேண்டும்!

மாதம் முழுக்க ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவர்களுக்கு 500 ரூபாய் போனஸ் உண்டு. அண்ணன் சீட்டில் அந்த இடத்தில் வெறும் கோடு.

"பணம் போனாப் போவுது தம்பி. எட்டு வருஷத்துல லேட்டுனு பேர் வாங்கினதில்ல. அதான்..."

அவருக்குத் தொண்டை கம்மியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், அந்த போனஸ் கணக்கு விதியை எழுதிய மகானுபாவன் சாட்சாத் அடியேன்தான்!

அவசர அவசரமாக லிஸ்ட்டைத் திறந்தேன். மொத்தம் 41 பேர். நாற்பது பேருக்கு போனஸ் கட். ஒரே ஒருவருக்கு மட்டும் 500 ரூபாய் விழுந்திருந்தது. யார் அந்த பாக்கியசாலி? மாதம் முழுக்க விரல் ரேகை மெஷின் பக்கமே எட்டிப் பார்க்காத சேல்ஸ் ஆசாமி!

நிலாவைப் பிடிச்சேன்...

எங்கள் வருகைப் பதிவு சாஃப்ட்வேருக்குள் சின்னச் சின்ன விதிகளை நாமே எழுதிக்கொள்ளலாம். அதற்கான மொழியின் பெயர் லுவா. போர்த்துக்கீசிய மொழியில் 'நிலா' என்று அர்த்தம்.

பிறந்த ஊர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ. வருடம் 1993. அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபெர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகைரெடோ, வால்டெமார் செலெஸ் என்ற மூவர் உருவாக்கியது. 1977 முதல் 1992 வரை வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் சமாச்சாரங்களுக்கு பிரேசிலில் பலமான தடுப்புச் சுவர். வெளியே வாங்குவது பெரும்பாடு. 'நாமே செய்துகொள்வோம்' என்ற பழக்கம் அங்கே ஊறிவிட்டது. பெட்ரோப்ராஸ் எண்ணெய்க் கம்பெனியின் என்ஜினீயர்களுக்காக முதலில் செய்த ஒரு குட்டி மொழியின் பெயர் 'சோல்', அதாவது சூரியன். சூரியனுக்கு அடுத்து என்ன? நிலாதானே!

மொத்த மொழியும் சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். 2020-ல் வந்த 5.4 பதிப்பில் ஒதுக்கப்பட்ட சொற்கள் வெறும் 22. (நமக்கு எழுத்தே 247!) சின்ன உருவம் என்பதால் எதற்குள்ளும் புகுந்துகொள்ளும். 2004-ல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்கு ரசிகர்கள் எழுதும் துணை நிரல்கள் லுவாதான். 2013 முதல் விக்கிபீடியாவின் வார்ப்புருக்களுக்குப் பின்னாலும் லுவா வேலை பார்க்கிறது.

இதன் பக்தர்களுக்கு ஒரு வினோதக் கோபம் உண்டு. ஆங்கிலத்தில் இந்தப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் மூக்கு சிவந்துவிடும். 'அது சுருக்கப் பெயர் இல்லை சார், நிலா!' என்று திருத்த வந்துவிடுவார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. நமக்குப் பெரிய எழுத்தே கிடையாதே!

ஒண்ணு, ரெண்டு, மூணு...

லுவாவைத் தொட்டவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "ஏன் சார், பட்டியல் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது?"

சி, ஜாவா படித்தவர்களுக்கு முதல் ஆள் பூஜ்யமாவது ஆள். லுவாவில் முதல் ஆள் ஒன்றாவது ஆள். இது முழுநேர புரோகிராமர்களுக்காகப் பிறந்ததல்ல, என்ஜினீயர்களுக்காகப் பிறந்தது. சாதாரண மனுஷன் எண்ணுகிற மாதிரியே எண்ணுகிறது. நம் ஊர்க் களத்தில் நெல் அளப்பவர் ஒன்றுக்குப் பதில் 'லாபம்' என்று ஆரம்பிப்பாரே தவிர, 'பூஜ்யம்' என்று ஆரம்பித்துக் கேட்டதுண்டா?

இரண்டாவது கேள்வி: "ஒரு வரியைக் கமாவுக்குக் கமா பிரிக்க ரெடிமேடா ஒண்ணும் இல்லையா?" இல்லை! தேவையானதை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு சாம்பார் பொடி மாதிரி ஆளுக்கு ஒரு பக்குவம் வைத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பொடியில் காரம் பத்தாது என்று சொல்லுவதும் உண்டு.

மூன்றாவது: பட்டியலில் வேண்டாதவர்களை நீக்குவது. முன்னாலிருந்து ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே போனால் ஒரு ஆள் தப்பித்துவிடுவான். எப்படி? பந்தியில் மூன்றாவது ஆளை எழுப்பியதும் நாலாவது ஆள் மூன்றாவது இலைக்கு நகர்ந்துவிடுகிறார். நீங்களோ அடுத்து நாலாவது இலைக்குப் போய்விடுகிறீர்கள். நகர்ந்தவர் நிம்மதியாகப் பாயசம் சாப்பிடுவார்! அதனால் கடைசி இலையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். லுவாக்காரர்களின் பால பாடம் இது.

லோக்கல் ஆளு

நம்மூரில் 'லோக்கல்' என்றால் கொஞ்சம் ஒதுங்கிப் போவோம். லுவாவில் லோக்கல்தான் கௌரவமான ஆள்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகளுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு பெயரை உருவாக்கும்போது முன்னால் 'லோக்கல்' என்று எழுதினால் சோப்பு உங்கள் பெட்டிக்குள் பத்திரம். எழுத மறந்தால் பொது பாத்ரூமில் வைத்துவிட்டு வந்த மாதிரி. யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், தேய்ப்பார்கள். திரும்பிப் போனால் வழவழப்பாக ஒரு சில்லுதான் மிச்சம். புரோகிராமின் ஒரு மூலையில் போட்ட 'மொத்தம்' இன்னொரு மூலையின் 'மொத்த'த்தை விழுங்குவது இப்படித்தான்.

இன்னொரு கேள்வி நம் பாஷை சம்பந்தப்பட்டது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு நீளம் எத்தனை என்று லுவாவைக் கேட்டால் கூசாமல் 15 என்கிறது! ஏனென்றால் அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டு. யு.டி.எஃப்-8 முறையில் துண்டுக்கு மூன்று பைட். ஐம்மூன்று பதினைந்து. 2015-ல் வந்த 5.3 பதிப்பில் துண்டுகளை எண்ண வழி செய்தார்கள். அது 5 என்கிறது. ஒண்ணாம் வகுப்புப் பையனோ 3 என்பான். மூன்று பேரும் சரி! இது தெரியாமல் சீட்டில் இடமில்லை என்று பெயரைப் பைட் கணக்கில் வெட்டினால், எழுத்து பாதியில் அறுந்து கட்டம் கட்டமாகத் தெரியும். (அதையும் செய்திருக்கிறேன்... ஹி... ஹி...)

'நில்' என்றால்...

சரி, வாட்ச்மேன் அண்ணன் கேஸுக்கு வருவோம்.

லுவாவில் 'எதுவுமே இல்லை' என்பதற்கு ஒரு சொல் உண்டு. ஆச்சரியப்படாதீர்கள், உச்சரிப்பு 'நில்'! 'ஆமாவா, இல்லையா' என்று கேட்கிற இடத்தில் இந்த நில்லும், 'ஃபால்ஸ்' என்கிற பொய்யும் மட்டும்தான் 'இல்லை'. மற்றதெல்லாம் 'ஆமாம்'. பூஜ்யம் உள்பட!

நான் காலேஜில் படித்தது சி. அங்கே பூஜ்யம் என்றால் 'இல்லை'. அந்த நினைப்பில் 'லேட் இருந்தால் போனஸ் கட்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். சோதித்தும் பார்த்தேன். மூன்று நாள் லேட் போட்ட ஒரு ஆள், கட் ஆனது. லேட் கட்டத்தைக் காலியாக விட்ட ஒரு ஆள், பணம் வந்தது. பலே என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். பூஜ்யம் போட்டு ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை.

அண்ணனின் லேட் கணக்கு 0. லுவாவைப் பொறுத்தவரை அங்கே ஒரு மதிப்பு இருக்கிறது, ஆகவே 'ஆமாம்', ஆகவே கட். சேல்ஸ் ஆசாமிக்குப் பதிவே இல்லை, ஆகவே நில், ஆகவே போனஸ்!

மொழி எந்தத் தப்பும் செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது.

மானேஜர் அறைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டவர், "கம்ப்யூட்டர் மிஸ்டேக்னு ஒரு நோட்டீஸ் போட்டுடுப்பா, முடிஞ்சது" என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் மறுத்துப் பேசப் போகிறதா என்ன? ஆனால் இரண்டு கையாலும் பிடித்த அந்தச் சீட்டு கண் முன்னால் வந்தது. எட்டு வருஷம் பூஜ்யமாகவே வைத்திருந்த மனுஷரிடம் மெஷினைக் கை காட்டிவிட்டு, மறுநாள் காலை எந்த முகத்தோடு கேட்டுக்குள் நுழைவது?

"இல்ல சார். என் மிஸ்டேக்னே போடறேன்."

போட்டேன். இரண்டு நாளில் அண்ணன் மாதிரி நேரத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் பணம் வந்தது. நாலு பேர் என்னைப் 'பூஜ்யம் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சேல்ஸ் ஆசாமியிடம் 500 ரூபாய் பிடித்தமாயிற்று. இன்றுவரை அவர் என்னோடு டீ குடிக்க வருவதில்லை.

விதியையும் திருத்தினேன். 'பூஜ்யத்தைவிடப் பெரிசா' என்று மட்டும் கேட்டால் போதாது. நில்லை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் லுவா பிழை சொல்லிப் படுத்துவிடும். அதனால் முதலில் 'நில்லா?' என்று பார்க்க வேண்டும். ஆமென்றால் கணக்குப் போடாமல் நிறுத்தி, சம்பந்தப்பட்ட மனிதரைக் கேட்க வேண்டும். பிறகுதான் பூஜ்யமா, அதற்கு மேலா என்ற கேள்வி.

இதையெல்லாம் அண்ணனிடம் எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவுதானா தம்பி? கோயில் உண்டியல்ல காசு இல்லேன்னாலும் உண்டியல் இருக்குல்ல? உண்டியலே இல்லேங்கிறது வேற சமாச்சாரமில்ல?"

மூன்று புத்தகம் புரட்டி எனக்குப் புரிந்ததை மூன்று வரியில் முடித்துவிட்டார்.

இப்போதெல்லாம் 'நில்' என்று பார்த்தால் நிஜமாகவே ஒரு நிமிஷம் நிற்கிறேன்.