அடுத்தவர் காசில் ஒரு கழகம்: 2028ஐ எதிர்நோக்கும் பப்புவா நியூகினி

கடைத் திறப்பு விழாவுக்குப் போனால் எல்லோரும் வாசலில் கட்டிய சோடனையைப் பார்ப்பார்கள். நான் இறாக்கையில் அடுக்கியிருக்கும் சாமானைப் பார்ப்பேன். "இது யாருடைய காசு?" என்ற கேள்வி உடனே மனதில் எழும். சொந்த முதலா, கடன் சரக்கா, யாராவது பெரியவர் பின்னால் நிற்கிறாரா? இந்தப் பதிலைத் தெரிந்துகொண்டால் அந்தக் கடை எத்தனை வருடம் நிற்கும் என்று ஓரளவுக்கு ஊகித்துவிடலாம்.

இப்போது அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே, பசுபிக் சமுத்திரக் கரையில் ஒரு பெரிய திறப்பு விழாவுக்கு ஏற்பாடுகள் நடக்கின்றன. திறக்கப்படப் போவது கடையல்ல, ஒரு தொழில்முறை ரக்பி லீக் கழகம். பெயர் பப்புவா நியூகினி சீஃப்ஸ். அது களமிறங்கும் முதல் பருவம் 2028 என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. வியாபாரப் பக்கத்தில் விளையாட்டுக் கதை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இது விளையாட்டை விட முதலீட்டைப் பற்றிய கதை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

கூலிக் கணக்கில் பிறந்த விளையாட்டு

நமது நாட்டில் ரக்பி என்றால் 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். ரக்பி லீக் என்பது 13 பேர் ஆடும் வேறொரு வகை. 1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்ட் நகரில் வடபகுதிக் கழகங்கள் கூடிப் பிரிந்து போனதால் இது உருவானது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த வீரர்கள், விளையாடப் போகும் நாளில் கூலியை இழந்தார்கள். அந்தக் கூலியைக் கழகம் ஈடுசெய்யலாமா, கூடாதா என்பதே அன்றைய சண்டை. ஆகவே பிறக்கும்போதே கணக்குப் புத்தகத்தோடு பிறந்த விளையாட்டு இது.

1908 முதல் அவுஸ்திரேலியாவில் இதன் சுற்றுப்போட்டி நடக்கிறது. இன்று என்.ஆர்.எல். என்று அழைக்கப்படும் அந்த லீக்கில் 2023இல் 17 கழகங்கள் ஆகின. பதினாறு அவுஸ்திரேலியாவில், ஒன்று நியூஸிலாந்தில். 2027இல் பேர்த் நகரின் பெயார்ஸ் 18ஆவதாகவும், 2028இல் பப்புவா நியூகினி 19ஆவதாகவும் சேர்வதே திட்டம்.

பப்புவா நியூகினி 1975இல் அவுஸ்திரேலியாவிடமிருந்து சுதந்திரம் பெற்ற நாடு. 800க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் அந்த நாட்டை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் கயிறுகளில் ரக்பி லீக்கும் ஒன்று. அவுஸ்திரேலியாவின் இரண்டு மாநிலங்கள் மோதும் ஸ்டேட் ஒஃப் ஒரிஜின் போட்டி நடக்கும் இரவில் போர்ட் மோர்ஸ்பி நகரமே நீலக் கட்சி, செந்நிறக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். வேறு நாட்டு மாநிலங்களின் போட்டிக்கே இப்படியென்றால், சொந்தக் கழகத்துக்கு எப்படி இருக்கும்! வாடிக்கையாளர் இல்லையே என்ற கவலை இந்தக் கடைக்கு இல்லை.

600 மில்லியனும் அதன் காரணமும்

2024 டிசம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் அல்பனீஸியும் பப்புவா நியூகினிப் பிரதமர் ஜேம்ஸ் மராபேயும் சேர்ந்து இந்தக் கழகத்தை அறிவித்தார்கள். அவுஸ்திரேலிய அரசு பத்து வருடங்களில் 600 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தருகிறது. முழுவதும் கழகத்துக்கல்ல. ஏறத்தாழ 290 மில்லியன் கழகத்துக்கு. ஏறத்தாழ 250 மில்லியன் பப்புவா நியூகினியிலும் ஏனைய பசுபிக் நாடுகளிலும் பாடசாலை மட்டத்திலிருந்து விளையாட்டை வளர்க்க. மிகுதி லீக்கின் பக்கத்துக்கு.

கழகத்தின் பங்கைப் பத்தால் வகுத்தால் வருடத்துக்கு 29 மில்லியன். அந்த லீக்கில் ஒரு கழகத்தின் பிரதான வீரர் 30 பேருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது 10 மில்லியனுக்கு மேலே. ஆகவே வீரர் சம்பளம், பயிற்சி, பயணம், நிர்வாகம் எல்லாவற்றுக்கும் முதல் இருக்கிறது. எந்தப் புதுக் கடைக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம்.

சரி, அவுஸ்திரேலியா ஏன் தருகிறது? 2022இல் பக்கத்து சொலமன் தீவுகள் சீனாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்பின் அவுஸ்திரேலியாவின் பார்வை முழுவதும் பசுபிக் பக்கம் திரும்பியது. அதே 2022இல் பசுபிக் நாடுகளின் டிஜிசெல் தொலைபேசிக் கம்பனியை அவுஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 1.6 பில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. அதில் 1.33 பில்லியன் அவுஸ்திரேலிய அரசு ஒழுங்கு செய்த பணம். பப்புவா நியூகினியின் உள்ளூர்ச் சுற்றுப்போட்டியின் பெயர் டிஜிசெல் கிண்ணம். என்.ஆர்.எல். சுற்றுப்போட்டியின் பிரதான அனுசரணையாளர் டெல்ஸ்ட்ரா. ஒரே சட்டையில் எத்தனை பைகள் என்று பாருங்கள்! ரக்பிப் பணத்தோடு பாதுகாப்பு விடயத்திலும் ஒரு புரிந்துணர்வு சேர்ந்தே வந்தது என்பதை இரு அரசுகளும் மறைக்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் போடுபவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். அது நமது நோக்கமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அவருடைய நோக்கம் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்பதை வாங்கியவர் முதல் நாளே யோசித்து வைக்க வேண்டும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். 1990களின் கடைசியில் ஒரு மொத்த வியாபாரி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க கடையை மட்டும் திறங்க. சாமான் முழுக்க நான் தாரன். வித்து வித்துத் தாங்க" என்றார். சந்தோஷமாக ஒரு கிளைக் கடை திறந்தேன். வியாபாரமும் நன்றாக நடந்தது. அந்த ஊரில் தனக்குப் போட்டியாக இருந்த ஒருவரை மடக்கவே அவர் என் கடையை நிரப்பினார் என்பது பிறகுதான் விளங்கியது. போட்டியாளர் கடையை மூடிய சில மாதங்களில் எனக்கு வந்த கடன் சரக்கும் நின்றது. நான் சொந்த முதலைச் சேர்த்து வைக்கவில்லை. கிளையை மூடினேன். தவறு அவருடையதல்ல, என்னுடையது.

15,000 ஆசனங்களின் கணக்கு

இனி வருமானப் பக்கத்தைப் பார்ப்போம். போர்ட் மோர்ஸ்பியின் தேசிய மைதானம் 2015 பசுபிக் விளையாட்டு விழாவுக்காகத் திருத்திக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 15,000 பேர் கொள்ளும். இன்றைய முறைப்படி ஓர் அணி ஒரு பருவத்தில் 24 போட்டிகள் ஆடுகிறது. பாதி சொந்த மைதானத்தில் என்றால் 12 நாட்கள். ஒவ்வொரு நாளும் மைதானம் நிரம்பினாலும் வருடத்துக்கு 180,000 ஆசனங்கள்தான். நாட்டின் சனத்தொகையோ ஒரு கோடிக்கு மேல்.

அந்த ஒரு கோடியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் கிராமங்களில் வாழ்கிறார்கள். விளையாட்டின் நெஞ்சுப் பகுதி மலைநாடு: மவுண்ட் ஹேகன், கொரொக்கா, சிம்பு. அங்கிருந்து தலைநகருக்கு வருவதற்குத் தரைவழிப் பாதையே கிடையாது. லே துறைமுகம் வரை நெடுஞ்சாலை உண்டு, போர்ட் மோர்ஸ்பிக்கு விமானம்தான். ஆகவே ரசிகரின் அன்பு எவ்வளவு பெரிதானாலும், நுழைவுச்சீட்டு வடிவில் கல்லாப்பெட்டிக்கு வந்து சேரும் வழி மிகவும் ஒடுங்கியது.

செலவுப் பக்கத்தில் இன்னொரு பாரம் உண்டு. வெளிநாட்டு வீரர்களை வரவழைக்க அவர்களின் சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு என்று அரசு முன்வந்தது. அவுஸ்திரேலியாவில் உச்ச வரி வீதம் 45. அப்படியென்றால் இது பெரிய ஈர்ப்புத்தான். பாதுகாப்பான குடியிருப்பு வளாகமும் திட்டத்தில் இருக்கிறது. அதன் அவசியம் ஏன் என்பதை 2024 ஜனவரி 10ஆம் திகதி சொல்லும். அன்று சம்பளத்தில் வெட்டு விழுந்ததைக் கண்ட பொலிஸார் வேலையை விட்டு வெளியேறினார்கள். கணினிப் பிழை என்றது அரசு. பின்னேரத்துக்குள் தலைநகரில் கடைகள் சூறையாடப்பட்டு எரிந்தன. லே நகரிலும் கலவரம். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வருடக் கணக்கில் சேர்த்த சரக்கு ஒரு பகலில் சாம்பலாவது என்றால் என்னவென்று வியாபாரிகளுக்குத்தான் தெரியும்.

அந்தத் தெருக்களில் வேலையில்லாமல் நின்ற இளைஞர்களும் நாளைக்கு இந்தக் கழகத்தின் ரசிகர்கள்தான். வீரர்களின் வளாகத்துக்கு உயரமான மதில் கட்டலாம். ஆனால் மதிலுக்கு வெளியே இருப்பவனுக்கும் இந்தக் கழகத்தால் நாலு காசு வர வேண்டும். போட்டி நாளில் 'புவாய்' என்று அங்கே சொல்லும் பாக்கு விற்பவர், உணவு விற்கும் பெண்கள், வான் ஓட்டுபவர், சட்டை தைப்பவர் எல்லோரையும் உள்ளே எடுத்தால் அவர்களே கழகத்துக்குக் காவல். வெளியே தள்ளினால் எந்த மதிலும் போதாது.

இரண்டு முன்னுதாரணங்கள்

அடுத்தவர் காசில் எழுந்த கழகங்கள் இதற்கு முன்னும் உண்டு. கனடாவின் டொரொண்டோ வூல்ஃப்பேக் 2017இல் இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவில் தொடங்கியது. ஒரு செல்வந்தரின் பணம். மூன்றே வருடங்களில் உச்சப் பிரிவுக்கு உரிமை பெற்று, உலகப் புகழ் பெற்ற சொனி பில் வில்லியம்ஸையும் ஒப்பந்தம் செய்தது. உச்சப் பிரிவின் மத்திய நிதியில் அதற்குப் பங்கு இல்லை. 2020இல் கொரோனா வந்தது. வீரர்களுக்குச் சம்பளம் நின்றது. அந்த வருடம் ஜூலையில் பருவத்தின் நடுவே விலகியது. மீண்டும் சேரக் கேட்டபோது கதவு திறக்கவில்லை. மைதானம் நிறைய ரசிகர் இருந்தும், பணம் வந்த குழாய் ஒன்றே ஒன்று.

மெல்பேர்ன் ஸ்டோர்ம் கதை வேறு. 1998இல் நியூஸ் லிமிட்டட் கம்பனியின் பணத்தில், ரக்பி லீக் என்றால் என்னவென்றே அதிகம் தெரியாத நகரில் தொடங்கியது. அடுத்த வருடமே கிண்ணத்தை வென்றது. நட்டத்தை முதலாளி பல வருடம் தாங்கினார். சம்பள உச்சவரம்பை மீறியதால் 2010இல் இரண்டு பட்டங்களைப் பறிகொடுத்த அவமானமும் நேர்ந்தது. ஆனால் 2013இல் அந்தக் கம்பனி விலகியபோது கழகம் விழவில்லை. அதற்குள் அங்கத்தவர்கள், அனுசரணையாளர்கள், வீரர்களை உருவாக்கும் முறை என்று சொந்தக் கால்கள் முளைத்துவிட்டன. இரண்டு கழகங்களும் அடுத்தவர் காசில்தான் தொடங்கின. ஒன்று காசைச் செலவு செய்தது, மற்றது காசைக் கொண்டு ஒரு தொழிலைக் கட்டியது.

உண்மையான முதல்

பப்புவா நியூகினி வெறுங்கையோடு நிற்கவில்லை. அந்த நாட்டின் ஹன்டர்ஸ் அணி 2014 முதல் குயின்ஸ்லாந்து மாநிலச் சுற்றுப்போட்டியில் ஆடுகிறது. 2017இல் அதை வென்றும் காட்டியது. அந்த அணியின் ஊடாக வந்தவர் சிம்பு மாகாணக் கிராமத்துப் பிள்ளையான ஜஸ்டின் ஓலம். பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். சிறு வயதுப் பயிற்சி முகாம் எதையும் காணாதவர். அதே மெல்பேர்ன் ஸ்டோர்முக்குப் போய் 2020இல் கிண்ணம் வென்ற அணியில் ஆடினார். அவருக்கு முன்னோடி மார்க்கஸ் பாய், 1999இல் அதே கழகத்தில் கிண்ணம் வென்றவர். ஒழுங்கான பாதை இல்லாமலே இப்படி இருவர் வந்தார்கள் என்றால், பாதை போட்டுக் கொடுத்தால் எத்தனை பேர் வருவார்கள்?

அதனால்தான் என் கண்ணுக்கு 290ஐ விட 250 பெரிய தொகையாகத் தெரிகிறது. வெளியிலிருந்து வாங்கும் நட்சத்திர வீரர் நடைமுறைச் செலவு. ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுவார். உள்ளூரில் வளரும் பையன் நிலையான சொத்து. ஐந்தொகையில் அவன் பெயர் எழுதப்படாவிட்டாலும், பத்து வருடங்களுக்குப் பின் கழகத்தைத் தாங்கப் போவது அவன்தான். மலைநாட்டில் இருந்துகொண்டே கழகத்தின் அங்கத்தவராகும் வழி, கையடக்கத் தொலைபேசியில் சிறு தொகை கட்டும் முறை, நாட்டுக்குள்ளேயே தைத்து விற்கும் சட்டை என்பவற்றுக்கான ஏற்பாடுகளும் 2028க்கு முன்பே தொடங்க வேண்டியவை.

முதல் பருவத்தில் தோல்விகள் வரலாம். அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. முதல் வருடத்தில் எந்தக் கடையும் இலாபம் காட்டுவதில்லை. பார்க்க வேண்டியது வேறொன்று. ஒவ்வொரு வருட முடிவிலும் கழகத்தின் வருமானத்தில் அவுஸ்திரேலியப் பணத்தின் பங்கு எத்தனை வீதம் குறைந்தது? அந்த ஓர் எண்ணைக் கவனித்தால் போதும். அது குறைந்துகொண்டே வந்தால் கழகம் அந்த மக்களுடையது. குறையாமல் அப்படியே நின்றால், பத்தாவது வருடம் இன்னொரு நாட்டுப் பிரதமர் எடுக்கும் முடிவுக்காக ஒரு கோடி மக்கள் வாசலில் காத்து நிற்க வேண்டிவரும்.

கடன் சரக்கில் கடை திறப்பது பிழையில்லை. நம்மில் பலர் அப்படித்தான் தொடங்கினோம். கடன் கொடுத்தவர் கையை எடுக்கும் நாளில் இறாக்கை காலியாகாமல் இருக்க வேண்டும். எனக்கு அது பிந்தித்தான் விளங்கியது. அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.