குழந்தைக்குப் பால் போதுமா?

‘பால் போதவில்லை’ என்னும் சொல் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படுவது. குழந்தை சற்று அதிகமாக அழுதாலும், அண்டை வீட்டுக் குழந்தையைவிட இளைத்துத் தோன்றினாலும் அச்சொல் பிறந்துவிடுகிறது. அதன் பின்னாலேயே புட்டிப்பாலும் வந்துவிடுகிறது. ஆனால், ‘போதும்’ என்பதற்கு அளவு யாது? அந்த அளவு எவ்வாறு வகுக்கப்பட்டது? இதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

உணவு உடலுக்குத் தரும் ஆற்றலைக் கலோரிக் கணக்கில் அளக்கிறோம். விஞ்ஞான நூல்கள் கிலோ கலோரி என்று குறிப்பதையே நான் இங்குக் கலோரி என்கிறேன். 100 மில்லி லிட்டர் தாய்ப்பாலில் ஏறத்தாழ 65 முதல் 70 கலோரி உண்டு. அதில் பாதியளவு கொழுப்பிலிருந்து கிடைப்பது. எஞ்சியதில் பெரும்பகுதி பாலிலுள்ள சர்க்கரையின் கொடை. புரதம் 1 கிராம் அளவே இருக்கிறது. பசும்பாலில் அதைப்போல் மூன்று மடங்கு புரதம் உண்டு. கன்று விரைந்து வளர்வது; மனிதக் குழந்தையோ மெல்ல வளர்வது. அதனதன் தேவைக்கு ஏற்பவே பாலும் அமைந்திருக்கிறது.

புட்டியில் எவ்வளவு பால் குறைந்தது என்பதைக் கண்ணால் காணலாம். தாயிடம் பருகிய பாலை எங்ஙனம் அளப்பது? பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் குழந்தையை நுட்பமான தராசில் நிறுத்து, எடை வேறுபாட்டைக் கண்டறிவது ஒரு முறை. குழந்தை செலவிடும் ஆற்றலை அளக்க மற்றொரு முறை உண்டு. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்ஸிஜனும் கலந்த நீரைச் சிறிதளவு புகட்டுவார்கள். அந்த ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலைவிட்டு நீங்கும். ஆக்ஸிஜனோ நீராகவும் கரியமில வாயுவாகவும் நீங்கும். இரண்டும் நீங்கும் வேகத்திலுள்ள வேறுபாட்டால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறிற்று என்பதும், அதிலிருந்து எவ்வளவு ஆற்றல் செலவாயிற்று என்பதும் புலனாகும். இதனால் குழந்தைக்குத் தீங்கில்லை.

இத்தகைய ஆராய்ச்சிகள் பழைய கணக்கை மாற்றிவிட்டன. 1985-ஆம் ஆண்டில் வெளியான உலக நிறுவனங்களின் அறிக்கையின்படி, நான்கு மாதக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 100 கலோரி தேவை. 2004-ஆம் ஆண்டின் அறிக்கை அதனை ஏறக்குறைய 80 ஆகக் குறைத்தது. இந்த வேறுபாட்டின் விளைவைப் பாருங்கள். குழந்தையின் எடை 6½ கிலோ என்போம். பழைய கணக்கின்படி அதற்கு 650 கலோரி வேண்டும். ஏறத்தாழ ஒரு லிட்டர் பால் சுரந்தாலன்றி அது நிறைவேறாது. புதிய கணக்கின்படி 520 கலோரி போதும். 780 மில்லி லிட்டர் பாலே அதனைத் தந்துவிடும். பல தாய்மார்களுக்கு இயல்பாகச் சுரக்கும் அளவும் அதுவே. குறை பாலில் இல்லை, அளவுகோலில் இருந்தது.

எடைக்கணக்கிலும் இதே நிலைதான். 1977-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டுப் பின்னர்ப் பல நாடுகளிலும் பரவிய வளர்ச்சி அட்டவணையில் இடம்பெற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதங்கள் விரைந்து வளர்ந்து, பின்பு சற்று நிதானிக்கும். அந்த அட்டவணையோடு ஒப்பிட்டபோது இந்த நிதானம் குறைபாடாகத் தோன்றிற்று. ஆகவே உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்து, தாய்ப்பால் குடித்த குழந்தைகளையே அளவாகக் கொண்டு, 2006-இல் புதிய அட்டவணையை வெளியிட்டது. நம் நாட்டில் அந்த ஆராய்ச்சி புது தில்லியில் நடைபெற்றது.

எல்லாத் தாய்மார்க்கும் பால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே பால் குறைவதும் உண்டு. குழந்தை சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் கழிப்பது குறைந்தாலும், எடை ஏறாதிருந்தாலும் தாமதியாது மருத்துவரிடம் காட்டவேண்டும். ஆறு மாதம் நிறைந்தபின் பால் மட்டும் போதாது. அப்பொழுது ஆற்றலோடு இரும்புச் சத்தும் கூடுதலாகத் தேவைப்படுவதால், குழைத்த சோறு, பருப்பு போன்ற உணவுகளையும் ஊட்டத் தொடங்க வேண்டும், தாய்ப்பாலையும் நிறுத்தலாகாது.

இனி உங்கள் வீட்டில் ‘பால் போதவில்லை’ என்று எவரேனும் சொன்னால், குழந்தையின் எடையைச் சரியான அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாலூட்டும் தாய்க்கு நாள்தோறும் 500 கலோரி அளவு உணவு கூடுதலாக வேண்டும். வீட்டார் அனைவரும் உண்டு எஞ்சியதைக் கடைசியில் அவள் உண்ணும் வழக்கம் இருக்குமாயின், முதலில் அதை மாற்றுங்கள்.