உங்களுக்குத் தெரியுமா? தாத்தாவின் துப்பாக்கிக்கு என்ன மதிப்பு?

◆ நார்வே ராணுவத்தின் புகழ்பெற்ற பழைய கைத்துப்பாக்கி ‘எம் 1914’. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, ஆஸ்லோவுக்குத் தென்மேற்கே உள்ள காங்ஸ்பெர்க் ஆயுத ஆலை 30,000-க்கும் மேல் தயாரித்தது.

◆ அதன் மதிப்பைச் சொல்வது அதில் பொறித்திருக்கும் எழுத்துகளே. மேற்பகுதியில் தயாரான ஆண்டு இருக்கும். பாகங்களில் உள்ள எண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் மதிப்பு கூடும்.

◆ 1940 முதல் 1945 வரை நார்வே ஜெர்மனியின் பிடியில் இருந்தது. 1945-இல் ஜெர்மானிய ஆய்வு முத்திரை பெற்றவை ஏறத்தாழ 900 மட்டுமே. சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி அலைகிறார்கள். அதனாலேயே போலி முத்திரைகளும் உண்டு.

◆ அந்தக் காலத்தில் அதே ஆலையின் தொழிலாளர்கள் பாகங்களைச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் ஒளித்து வெளியே கொண்டுவந்து, ஜெர்மானியருக்கு எதிரான இயக்கத்துக்காக அவற்றைத் துப்பாக்கிகளாகப் பொருத்தினார்கள். அதற்குப் பெயரே ‘மதிய உணவுக் கோல்ட்’!

◆ துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பழைய மேற்பூச்சு போனால் விலையும் போகும்.

◆ வாரிசாக வந்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதான். நார்வேயானாலும் தமிழ்நாடானாலும், விலை கேட்கும் முன் காவல்துறையிடம் தெரிவியுங்கள்.