காற்றில் இடமில்லாத ஊர்

மதுரையிலிருந்து வந்திருந்த அத்தையை லெகோலாண்டுக்கு அழைத்துப் போனது யார் யோசனை என்று எங்கள் வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது. யோசனை என்னுடையதுதான். காலையில் வண்டியை விட்டு இறங்கியதும் அத்தை என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். 32 டிகிரி என்று காட்டியது. "ஏன்டா, 32தானே போட்டிருக்கு? எங்க ஊரு வெயிலுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று சிரித்தார். பகல் ஒரு மணிக்கு, முந்தானை முதுகோடு ஒட்டிக்கொள்ள, பொம்மைச் செங்கல்லால் கட்டிய பெட்ரோனாஸ் கோபுரத்துக்கு எதிரே உட்கார்ந்தவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார். "தலை சுடல. ஆனா உடம்பெல்லாம் புழுங்கி மூச்சு முட்டுது. என்ன ஊருடா இது?"

மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு மேற்கே, இஸ்கண்டார் புத்ரியில், முன்பு செம்பனைத் தோட்டங்களாகக் கிடந்த நிலப்பகுதியில் 2012 செப்டம்பர் 15ஆம் தேதி இந்தப் பூங்கா திறந்தது. ஆசியாவின் முதல் லெகோலாண்ட் இதுதான். அடுத்த ஆண்டு அக்டோபரில் பக்கத்திலேயே தண்ணீர்ப் பூங்காவும் வந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிதான் தள்ளி இருக்கிற ஊர். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த தீபகற்பத்தின் தென்முனை. இங்கே வெயிலைவிடக் காற்றைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

மனித உடம்பு அணையாத அடுப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. பிள்ளைகளின் பின்னால் நடந்தால் அது 250, 300 வாட்டுக்கு ஏறும். இந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்பிடம் இருக்கும் பெரிய கருவி வியர்வை. தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலிருந்து ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நடந்துகொண்டிருக்கும் ஒருவரின் உடம்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் சூடு அது. எந்தப் பொறியாளரும் பொறாமைப்படக்கூடிய ஏற்பாடு.

ஆனால் ஆவியானால்தான் இந்தக் கணக்கு. நெற்றியில் வழிந்து, மூக்கு நுனியில் தொங்கி, சொட்டென்று தரையில் விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. உப்பும் நீரும் நஷ்டம், அவ்வளவுதான். அத்தை குடம் குடமாக வியர்த்தும் குளிராமல் போனது இதனால்தான்.

ஏன் ஆவியாகவில்லை? ஈரத் தோலிலிருந்து நீர் மூலக்கூறுகள் வெளியே பாய்ந்தபடி இருக்கின்றன. காற்றில் ஏற்கெனவே உள்ள நீராவி மூலக்கூறுகள் திரும்ப வந்து மோதி ஒட்டிக்கொள்கின்றன. போவது அதிகமா, வருவது அதிகமா என்பதுதான் கேள்வி. காற்றில் நீராவி நிறைந்திருந்தால், 'இடமில்லை, அடுத்த பஸ்ஸில் வா' என்ற கதைதான். (இடம் என்பது பேச்சுக்குச் சொல்வது, இயற்பியல்காரர்கள் நீராவி அழுத்தம் என்பார்கள்.) 35 டிகிரியில் உள்ள ஈரத்தோலின் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். மதுரையில் 39 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அங்கே காற்றின் நீராவி அழுத்தம் 2.1. ஜொகூர் பாருவில் 32 டிகிரி, 70 விழுக்காடு என்றால் 3.3. தோலுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் வியர்வையை இழுக்கும் விசை. மதுரையில் அது 3.5, இங்கே 2.3.

இதை இன்னும் எளிதாகச் சொல்ல ஒரு பானை போதும். மே மாதத்து மதுரையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதே பானையை ஜொகூரில் ஒரு வீட்டு வாசலில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஏதோ கொஞ்சம் ஆறியதுபோல இருக்கும், அவ்வளவே. நீர் ஆவியாவதால் மட்டும் ஒரு பொருள் எந்த அளவுக்குக் குளிர முடியுமோ அந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றுப் படும்படி வைத்து அளப்பார்கள். மேலே சொன்ன மதுரைப் பகலில் அது ஏறக்குறைய 25 டிகிரி. ஜொகூர் பாருவில் 27.5. அதாவது 39 டிகிரி மதுரையைவிட 32 டிகிரி ஜொகூரின் ஈரக்குமிழ் அளவு மேலே நிற்கிறது! அத்தை வாங்கிப் பார்த்த என் கைப்பேசி இதைக் காட்டவில்லை.

உடம்புக்கு எது முக்கியம் என்று மனிதர்கள் தங்களையே வேகவைத்துக்கொண்டு பார்த்த வரலாறு உண்டு. 1775இல் சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கில மருத்துவர் வெளியிட்ட கட்டுரையில், 120 டிகிரி செல்சியசைத் தாண்டிய உலர்ந்த அறையில் தாம் எட்டு நிமிடம் இருந்ததை எழுதினார். அந்த அறைச் சூட்டில் முட்டை வெந்தது, இறைச்சித் துண்டு வெந்தது, பிளாக்டன் வேகவில்லை. காற்று உலர்ந்திருந்ததே அவரைக் காப்பாற்றியது. 1905இல் ஜே. எஸ். ஹால்டேன், சுரங்கங்களின் சூட்டை ஆராய்ந்து மறுபக்கத்தைக் காட்டினார். காற்று அசையாத இடத்தில் ஈரக்குமிழ் அளவு 31 டிகிரியைத் தாண்டினால், சட்டையைக் கழற்றிவிட்டு வேலை எதுவும் செய்யாமல் இருப்பவருக்கும் உடல் வெப்பம் ஏறத் தொடங்கிவிடும். காற்று வீசினால் அந்த எல்லை மேலே போகும். அந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வையுங்கள். நமக்கு அதுதான் தேவை.

இப்போது மிஸ்ட் ஃபேனுக்கு வருவோம். மாமாக் கடை வாசல், கல்யாண மண்டபம், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தீம் பார்க் வரிசை என்று இந்த நாட்டில் அது நிற்காத இடமில்லை. இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில், வேகமாகச் சுழலும் தட்டின் நடுவில் தண்ணீர் விழுந்து, விளிம்பிலிருந்து துளிகளாகத் தெறிக்கிறது. பின்னால் உள்ள விசிறி அதை நம்மேல் வீசுகிறது. இன்னொன்றில், பம்பு ஒன்று தண்ணீரைக் காற்றழுத்தத்தைப்போல் 70 மடங்கு வரை அழுத்தி, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கே உள்ள துளைகள் வழியே பீய்ச்சுகிறது. அப்போது துளிகள் 10, 20 மைக்ரான் அளவுக்குப் பொடியாகின்றன. துளி உலர எடுக்கும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: பத்து மடங்கு பெரிய துளி உலர நூறு மடங்கு நேரம் வேண்டும். பொடித் துளி முகத்தைத் தொடும் முன்பே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். பெரிய துளி மூக்குக் கண்ணாடியை நனைக்கும்.

பொடித் துளிதானே உயர்ந்தது என்று தோன்றும். ராஜஸ்தானில் அப்படித்தான். 40 டிகிரி, 15 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை அது தத்துவப்படி 21 டிகிரி வரை இறக்கலாம். 19 டிகிரி இடைவெளி. நம் ஊரில் 32க்கும் 27.5க்கும் நடுவே கிடைப்பது நாலரை டிகிரிதான். திறந்தவெளியில் அதிலும் ஒரு பங்கே கைக்கு வரும். கூடவே, ஏற்கெனவே நிறைந்த காற்றில் நாமே இன்னும் நீராவியைத் திணிக்கிறோம். மூடிய பந்தலுக்குள் நாலு மிஸ்ட் ஃபேன் வைத்துவிட்டு 'ஏன் இப்படிப் புழுங்குது' என்று கேட்கும் விழாக் குழுவினரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, ஜொகூரில் மிஸ்ட் ஃபேன் பயன்படுவது மிஸ்ட்டுக்காக அல்ல, ஃபேனுக்காக. தோலை ஒட்டி ஈரம் நிறைந்த ஒரு மெல்லிய காற்றுப் படலம் போர்வைபோலக் கிடக்கிறது. விசிறி அதை உரித்தெடுத்து, கொஞ்சமாவது இடமுள்ள புதுக் காற்றைக் கொண்டுவருகிறது. தோல் 35 டிகிரி, காற்று 32. காற்று பட்டால் எப்படியும் லாபம்தான். மதுரையில் 39 டிகிரிக் காற்று வீசினால் அது சூட்டை உள்ளே கொண்டுவரும். அங்கே பகலில் ஜன்னலைச் சாத்துவது புத்திசாலித்தனம், இங்கே திறப்பது. கழுத்தில் மாட்டும் குட்டி விசிறியைப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது என்னிடம் இரண்டு இருக்கின்றன. கூடவே ஒரு துண்டை நனைத்துப் புறங்கழுத்திலும் முன்கைகளிலும் துடைத்துக்கொண்டு விசிறியின் முன் நின்றால், ஆவியாகப் போவது நம் வியர்வை அல்ல, குழாய்த் தண்ணீர். உடம்பின் நீர் மிச்சம்.

அடுத்த எதிரி வெயில். உச்சியில் சூரியன் ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 1,000 வாட் கொட்டுகிறது. நிழலுக்குள் ஓரடி எடுத்து வைத்தால் வெப்பமானி அதிகம் இறங்காது, ஆனால் உடம்பு பெருமூச்சு விடும். இதையும் கணக்கில் எடுக்கத்தான் 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் ஒரு கூட்டு அளவு உருவானது: பத்தில் ஏழு பங்கு ஈரக்குமிழ், இரண்டு பங்கு வெயிலில் வைத்த கறுப்பு உருண்டையின் சூடு, ஒரு பங்கு மட்டுமே சாதாரண வெப்பநிலை. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் 2023 முதல் இந்த அளவை வைத்தே பொதுமக்களுக்கு அறிவுரை சொல்கிறது. 33ஐத் தொட்டால் உயர் நிலை. மலேசிய வானிலைத் துறையின் முதல் கட்ட எச்சரிக்கையோ, அன்றாட உச்ச வெப்பநிலை மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியை எட்டினால்தான் வரும். பெரும்பாலான நாள்களில் 35ஐத் தொடாத ஜொகூர் பாருவுக்கு அது பொருத்தமான அளவுகோல் இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு உள்ளூர் ரகசியம். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி முதல் நாளிலிருந்து கடிகாரத்தைக் கிழக்கு மலேசியாவோடு சேர்த்து வைத்துக்கொண்டது. அதனால் ஜொகூர் பாருவில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.05க்கு. காலை 10 மணி என்பது சூரியனுக்கு இன்னும் 9 மணிதான். பூங்கா திறந்த அந்த முதல் இரண்டு மணி நேரம் பொன். அதைக் கடையில் டி-சட்டை பார்ப்பதில் செலவழித்துவிட்டு, ஒரு மணிக்கு நிழலில்லாத வரிசையில் போய் நிற்பவர்களே அதிகம்.

நிழலிலும் சாதி உண்டு. தகரக் கூரை வெயிலைத் தடுக்கும், ஆனால் தானே கொதித்துத் தலைமேல் வெப்பத்தைக் கதிராக இறக்கும். லயத்து வீட்டில் பகலில் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தின் இலைகள் நீரை வெளியிட்டுத் தங்களைக் காற்றின் சூட்டை ஒட்டியே வைத்துக்கொள்கின்றன. தூங்குமூஞ்சி மரம் ஒன்று கண்ணில் பட்டால், பக்கத்தில் ஏர்கோன் கடை இல்லாத பட்சத்தில், அதன் அடியிலேயே உட்காருங்கள்.

தண்ணீர்ப் பூங்காவின் விஷயம் எளிது. நீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 29 டிகிரிக் காற்று வெதுவெதுப்பு, 29 டிகிரித் தண்ணீர் குளிர்ச்சி.

குடிப்பதில்தான் சர்ச்சை. 'சூடாகத் தே குடித்தால் உடம்பு குளிரும்' என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது பொய்யல்ல. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனையில், சூடான நீர் குடித்தவர்களின் உடம்பில் சேர்ந்த வெப்பம் குறைவாக இருந்தது; குடித்த சூட்டைவிடக் கூடுதலாக வியர்த்து அதை ஈடுகட்டிவிட்டார்கள். ஒரே நிபந்தனை: அந்த வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும். ஜொகூரில் அது சொட்டிப் போகிறது. எனவே தே தாரிக் மாலைக்கு; பகலுக்கு ஐஸ் காச்சாங். 300 கிராம் ஐஸ் வயிற்றுக்குள் உருகி உடம்புச் சூட்டுக்கு வர ஏறக்குறைய 145 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பை 0.7 டிகிரி அளவுக்கு இறக்கக் கணக்கின்படி அது போதும். அதே அளவு குளிர்ந்த தண்ணீரில் இதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. மேலே ஊற்றும் சிரப்புக்கு நான் பொறுப்பல்ல. வழிந்துபோன உப்புக்கு மோர் இருந்தால் நல்லது.

கைக்குழந்தையின் தள்ளுவண்டியை வெயிலுக்குத் துணி போட்டு மூடாதீர்கள். நிழல் கிடைக்கும், காற்று நின்றுவிடும், உள்ளே சூடு ஏறும். யாராவது பேச்சுக் குழறி, தள்ளாடினால் அது வெறும் களைப்பு இல்லை. தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே 999ஐ அழையுங்கள்.

அத்தையை விட்டுவிடவில்லை. மறுவாரம் மறுபடி போனோம். இந்த முறை திட்டம் அம்மாவுடையது; இளவயதில் ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எல்லாரையும் எழுப்பிவிட்டார். "பெரட்டுக்குப் போற மாதிரி எழுப்புறீங்களே, அண்ணி" என்று அத்தை முனக, அம்மா விடவில்லை. "வெயில் ஏறினா மரமே பால் தராது, மனுசன் என்ன தருவான்?" உண்மைதான். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் போகிறது, பட்டைக்குள் அழுத்தம் குறைகிறது, பால் வடிவது நின்றுவிடுகிறது. மரத்துக்கும் அதே நீராவிக் கணக்கு.

கதவு திறந்ததும் உள்ளே போய், பதினொன்றரைக்குள் பெரிய வரிசைகளை முடித்து, உச்சிப்பொழுதை ஏர்கோன் அறையில் சோற்றோடு கழித்து, மூன்றரைக்கு வெளியே வந்தோம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஜொகூரின் மாலை மழை. அத்தை கழுத்தில் என் இரண்டாவது விசிறி. தண்ணீர்ப் பூங்காவின் வாசலில், சேலையோடு இறங்க விடுவார்களா என்று காவலுக்கு நின்ற பையனிடம் மதுரைத் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார்.